கபடிக்காரியின் கண்ணாடியைக் கழற்றிய கதை

எங்கள் நெய்வேலி கண் ஆஸ்பத்திரியில் போன மாதம் புது லேசர் மெஷின் இறங்கியது. லாரியிலிருந்து இறக்கும்போது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆனவனை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்காதீர்கள். நான் பக்கத்தில் நின்றால் கிரேன்காரனும் கொஞ்சம் பார்த்துத்தான் இறக்குவான். அது அவர்களுக்குத் தெரியும். மெஷினை மாட்டி சுவிட்சைப் போட்டதும் அது பேசியது. ஒரு பெண்குரல், இங்கிலீஷில், விளக்கைப் பாருங்கள், அசையாதீர்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னது. ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏழுமலைண்ணே, ஒங்க வேலைய ஒரு அம்மாவுக்குக் குடுத்துட்டாங்க பாருங்க."

"குடுக்கட்டும். அந்தம்மா முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் பைக் ஓட்டுவாங்களான்னு கேளு" என்றேன்.

பழைய ஆட்கள் சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புரியவில்லை. அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள், ஆஸ்பத்திரி ஆண்டு மலரில் போடலாம் என்றார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் எழுதுகிறேன். அந்த லேசர் அறையில் என் அளவுக்கு நின்றவர் எங்கள் டாக்டர் எஸ்தர் மேடம் ஒருவர்தான். அவர் பெருமை பேச மாட்டார். நான் பேசுவேன்.

எனக்குச் சேத்தியாத்தோப்பு. அங்கே பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவதுதான் என் முதல் தொழில். "விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டீ!" என்று ஒரு குரல் கொடுத்தேனென்றால், வெள்ளாற்றுப் பாலத்தில் வருகிறவன் அங்கிருந்தே ஓட ஆரம்பிப்பான். கண் முகாம் நடத்த வந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்னை வேனில் ஏற்றினார்கள். ஊர் ஊராக மைக் பிடித்தேன். பிறகு நோயாளிகளைக் கைபிடித்து நடத்தினேன், தியேட்டர் கழுவினேன், கருவிகளைச் சுத்தம் செய்து அடுக்கினேன். யார் சிபாரிசும் கிடையாது. துடைப்பத்தோடு உள்ளே போனவன் லேசர் டெக்னீஷியனாக வெளியே வந்தேன். நெய்வேலியில் எத்தனையோ பேர் எத்தனையோ சர்வீஸ் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு சர்வீஸ் யாரும் போட்டதில்லை.

கிட்டப்பார்வைக்கு லேசர் செய்கிற மெஷின் எங்கள் ஊருக்கு வந்தபோது, படித்த பிள்ளைகள் இருக்க, மேடம் என்னைத்தான் அந்த அறையில் போட்டார். ஏன் என்று நானே கேட்டேன்.

"மெஷின யாரு வேணா கத்துக்கலாம், ஏழுமலை. அங்க படுத்திருக்கறவங்களுக்குக் கண்ணு திறந்திருக்கும், ஆனா ஒண்ணும் தெரியாது. மருந்து விட்டு, இமைக்கு கிளிப் போட்டு, மேல ஒரு வெளிச்சம் மங்கலா தெரியும். அவ்வளவுதான். அந்த நேரத்துல அவங்களுக்கு இருக்கறது காது மட்டும்தான். உன் குரல் எனக்கு வேணும்."

அதற்குப் பிறகு கம்பெனி இன்ஜினீயர் வந்து தங்கி மெஷினைச் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஊருக்குக் கிளம்பும்போது என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

காலையில் முதல் ஆளாக வந்து ஏ.சி.யைப் போடுவேன். அறையில் ஈரப்பதம் கூடினாலும் லேசர் சரியாகச் செதுக்காது, குறைந்தாலும் செதுக்காது. மழைக்காலத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். பிறகு ஒரு தகட்டில் லேசரைச் சுட்டு, பதிவு சரியாக விழுகிறதா என்று பார்ப்பேன். அது சரியாக விழாமல் மேடத்தைக் கூப்பிட்டதே கிடையாது. அடுத்து வாசனை. சென்ட், பவுடர், மல்லிகைப் பூ, எதுவும் உள்ளே வரக்கூடாது. அந்த ஆவி காற்றில் கலந்தால் லேசரின் வீரியம் மாறும். வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத்தான் விடுவேன். நர்சுகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் மோப்பநாய். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. போலீஸ் மோப்பநாய்க்கே சம்பளம் தனி.

எஸ்தர் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுந்து போய்க் கை கழுவுவார். கழுவின கையையே மறுபடியும் கழுவினால் யார் மேலோ பெரிய கோபம் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். பயப்படாதே என்று நோயாளியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "பயம் இருந்தா இருக்கட்டும். அசைவு மட்டும் வேண்டாம்" என்பார். பாராட்டும் கிடையாது. ஆபரேஷன் நன்றாக முடிந்தால், "அடுத்த பேஷன்ட்டக் கூப்பிடு" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு மெடல்.

கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று வருகிறவர்களுக்கு எல்லாருக்கும் ஒரே ஆபரேஷன் என்றுதான் நினைப்பு. அப்படியில்லை. கருவிழியின் கனம், பவர், கண்ணின் ஈரம், செய்கிற வேலை, எல்லாம் பார்த்து மேடம் முடிவு செய்வார். நான் என் பாஷையில் அவர்களுக்கு விளக்குவேன். ஒன்று, கதவு வைக்கிற முறை. கருவிழியின் மேல்பாகத்தில் மெல்லிய ஒரு கதவு மாதிரி அறுத்து, ஓரத்தில் கீல் மாதிரி விட்டுத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கிவிட்டு, மறுபடி மூடிவிடுவது. லாசிக் என்பது அதுதான். மறுநாள் காலையிலேயே பார்வை தெரியும். இரண்டாவது, கதவே இல்லாத முறை. நம்ம ஊர் நிலக்கரி மைன்ஸ் மாதிரி. மேல்மண்ணை வழித்துவிட்டு நேராகக் கீழே வேலை செய்வது. ஒரே வித்தியாசம், மைன்ஸில் எடுத்த மண் எடுத்ததுதான். கண்ணில் அந்த மேல்தோல் சில நாளில் தானே வளர்ந்து மூடிவிடும். ஆனால் வளர்கிற வரைக்கும் எரியும், கண்ணீர் கொட்டும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். பவர் ரொம்ப அதிகம், கருவிழி ரொம்ப மெலிசு என்றால், லேசரே வேண்டாம், கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் வைத்துவிடுவார்கள். இப்போது வந்திருக்கிற புது மெஷின் இன்னொரு வழி. உள்ளுக்குள்ளேயே ஒரு வில்லையை வெட்டி, ஓரத்தில் சின்னத் துளை போட்டு உருவி எடுக்கிறது. நான் சொல்லப்போகிற சமயத்தில் அது எங்கள் ஊரில் இல்லை.

சுகன்யா முத்தாண்டிக்குப்பத்துப் பெண். கபடியில் ரெய்டு போகிறவள். அவள் அப்பா கலியமூர்த்தி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஒரு ஆபீசர் வீட்டில் சமையல். சுகன்யாவுக்கு மைனஸ் ஐந்து. ஆட்டத்துக்காகக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரணியில் நிற்பது ஏழு பேரா, ஏழு மூட்டையா என்று தெரியாது. கால் சட்டை நிறத்தையும் மூச்சுச் சத்தத்தையும் வைத்தே ஆடிக்கொண்டிருந்தாள். போனஸ் கோடு தெரியாமல் காலை வைத்து வைத்துப் பாயிண்ட்டை விட்டாள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தாள். மண் தரையில் விழுந்து எழுகிறவளுக்கு அது தாங்குமா? ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவிப் போட்டுக்கொண்டு, கண் சிவந்து எங்களிடம்தான் வந்தாள். அந்த வருஷம் ஒரு அரசுத் துறை அணிக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வானால் விளையாட்டும் உண்டு, வேலையும் உண்டு. அதற்குமேல் அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இருப்பது அந்த ஒரு வாய்ப்புதான்.

சோதனை எல்லாம் முடிந்து மேடம் சொன்னார்: "சுகன்யாவுக்குக் கதவு வேண்டாம். மேல்தோல் எடுத்துச் செய்யற முறைதான்."

கலியமூர்த்தியின் முகம் மாறியது. அவன் மனைவி சமைக்கிற வீட்டுப் பெண்ணுக்கு அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நாங்கள் கதவு முறையில் செய்திருந்தோம். மறுநாள் காலையில் அந்தப் பெண் படுக்கையில் இருந்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னதை அவன் மனைவி கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"ஏங்க மேடம், அந்த வூட்டுப் பொண்ணுக்கு மட்டும் ஒடனே தெரியற மாதிரி செஞ்சீங்க. எம் பொண்ணுக்கு மட்டும் பழைய மெத்தடுல வழிச்சி வுடறேங்கறீங்க. கேட்டா வாரக்கணக்குல எரியும், தெரியாதுங்கறீங்க. பர்மனென்ட்டுக்கு ஒண்ணு, கான்ட்ராக்ட்டுக்கு ஒண்ணா? ஆஸ்பத்திரிலயுமாங்க அது?"

நான் வாயைத் திறக்கப் போனேன். மேடம் எழுந்து போய்க் கை கழுவினார். துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, கலியமூர்த்தியிடம் பேசாமல் சுகன்யாவிடம் கேட்டார்.

"ரெய்டு போறப்ப உனக்கு எங்கெல்லாம் அடி பட்டிருக்கு? காட்டு."

சுகன்யா புருவத்துத் தழும்பைக் காட்டினாள். கன்னத்து எலும்பைக் காட்டினாள். உதட்டைத் தூக்கி உடைந்த பல்லைக் காட்டினாள்.

"எதால?"

"முழங்கைதான் மேடம். எல்லாமே முழங்கைதான்."

"இந்தக் கதவுக்குத் தையல் கிடையாது. தாழ்ப்பாளும் கிடையாது. தானா ஒட்டி நிக்கும். ஆபீஸ்ல உக்காந்து வேலை செய்யற பொண்ணுக்கு அது போதும். உன் கண்ணுல ஒரு முழங்கை பட்டா விலகலாம். எப்பவோ ஒருத்தருக்குத்தான் அப்படி ஆகும். அந்த ஒருத்தர் நீயா இருக்க வேண்டாம்." பிறகு கலியமூர்த்தியைப் பார்த்தார். "உங்க பொண்ணு மேல படற முழங்கைக்கு, நீங்க பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டான்னு தெரியுமா?"

கலியமூர்த்தி கீழே வந்து என்னிடம் மட்டும் சொன்னான்: "சார், படிச்சவங்க சொல்றாங்க. ஒத்துக்கறேன். ஆனா எம் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சின்னா நான் ஒங்களத்தான் கேப்பேன்."

"என்னையே கேளு. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றேன்.

ஆபரேஷன் அன்றைக்கு சுகன்யா தலைநிறைய மல்லிகையும் கழுத்தில் சந்தனமுமாக வந்து நின்றாள். கலியமூர்த்தியின் அக்கா அஞ்சலை, கோயிலில் வைத்து எடுத்து வந்தது. நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

"சாமி பூவுங்க அது. எடுக்கச் சொல்றீங்களே" என்றாள் அஞ்சலை.

"சாமிய வெளியில உக்கார வெச்சிக்கினு நீங்க பேசிக்கினு இருங்க. பொண்ணு மட்டும் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வரட்டும்."

குளித்துவிட்டு வந்தாள். படுக்க வைத்து, கண்ணில் மரத்துப்போகிற சொட்டு விட்டு, இமைக்கு கிளிப் போட்டோம். மேடம் ஒரு சின்ன வளையத்தைக் கருவிழி மேல் வைத்து, அதற்குள் மருந்து விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தார். பிறகு மேல்தோலை மெதுவாக ஒதுக்கினார். அடுப்பில் பால் ஆறினால் மேலே ஆடை சுருங்கி ஒதுங்குமே, அப்படி ஒதுங்கியது. இனி லேசர். வலிக்காது, சடசடவென்று சத்தம் வரும், முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும், பயப்படாதே என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பயப்படாதே என்று சொல்வது என் வேலை. அதனால்தான் மேடம் சொல்வதில்லை.

லேசர் ஆரம்பித்ததுமே நின்றது. கண் விலகினால் மெஷின் தானாக நிறுத்திக்கொள்ளும். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி நின்றது. பயத்தில் இல்லை. அவள் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிற பழக்கமே கிடையாது. மூலைக்கு மூலை நோட்டம் விட்டே வளர்ந்த ரெய்டுக்காரியின் கண். மேடம் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கினார். அதற்கு அர்த்தம், ஏழுமலை, இது உன் வேலை.

"சுகன்யா. மாமா பேசறன். ரெய்டுக்குப் போறப்ப பாடிக்கினுதானே போவ?"

"ம்."

"இப்பவும் பாடு. வாயத் தொறக்காத, மனசுக்குள்ள பாடு. மேல தெரியற வெளிச்சந்தான் எதிராளி. அவன் ஒருத்தன்தான் நிக்கறான். மத்தவன்லாம் அவுட்டு. அவன் மேல இருந்து கண்ண எடுத்தா நீ அவுட்டு. போ."

அவள் தொண்டை மட்டும் மெல்ல அசைந்தது. கண் நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. சடசடவென்று லேசர் விழுந்தது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று நான் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். "இருபது... நடுக்கோடு தாண்டிட்ட. நாப்பது... விடாத. அறுபது... போனஸ் கோட்டுல கால் வெச்சிட்ட. எண்பது... திரும்பாத, பாடு, மூச்சு இருக்கு. தொட்டாச்சு. வந்துடு, வந்துடு... நூறு!"

முகமூடிக்குள் மேடம் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. குளிர்ந்த நீரால் கண்ணைக் கழுவி, மேல்தோல் வளர்கிற வரைக்கும் காப்பாக இருக்க ஒரு மெல்லிய லென்ஸை வைத்தார். அதற்குக் கட்டு லென்ஸ் என்று பெயர். புண்ணுக்குப் போடுகிற துணிக்கட்டு மாதிரி அது. அடுத்த கண்ணையும் அப்படியே முடித்துவிட்டு, "அடுத்த பேஷன்ட்டக் கூப்பிடு" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. கலியமூர்த்தி அழுகிறான். "சார், எம் பொண்ணு துடிக்கறா சார். கண்ணு போச்சி சார்." எரிச்சல் இருக்கும் என்று எல்லாருக்கும் சொல்லித்தான் அனுப்புவோம். ஆனால் பின்னால் அந்தப் பெண் கத்துகிற சத்தம் எரிச்சல் சத்தமாக இல்லை. மேடத்திடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், வீட்டு வாசலில் பாதி ஊர் நிற்கிறது. நடுவில் அஞ்சலை. கையில் ஒரு வெற்றிலை. வெற்றிலைமேல் பளபளவென்று ஏதோ ஒன்று.

"பாருங்க, எம்மாம் பெரிய தூசி! பொண்ணு கண்ணுல இத வெச்சிக்கினு எரியுது எரியுதுன்னு சொன்னா எரியாதா?"

முத்தாண்டிக்குப்பத்தில் யார் கண்ணில் தூசி விழுந்தாலும் அஞ்சலையிடம்தான் போவார்களாம். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள், லாரிக்குப் பின்னால் போகிறவர்கள், எல்லாரும். இமையைப் புரட்டி, நாக்கு நுனியால் ஒரே தடவில் எடுத்துவிடுவாள். அதில் அவள் கெட்டிக்காரி. அன்றைக்கு வெயிலில் வைத்து தம்பி மகளின் கண்ணைப் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் சவ்வு மாதிரி ஒன்று மினுங்கியிருக்கிறது. இடது கண்ணிலிருந்த கட்டு லென்ஸை நாக்கால் எடுத்து வெற்றிலையில் வைத்துவிட்டாள். தோல் முழுக்க வளராத பச்சைப் புண், மூடி இல்லாமல் திறந்து கிடக்கிறது. எச்சில் வேறு பட்டிருக்கிறது.

"வலது கண்ணு?" என்றேன்.

"அதுலயும் இருக்குது. எடுக்கலாம்னா பொண்ணு விட மாட்டேங்கறா."

"தொட்டீங்கன்னா தெரியும்!" பஸ் ஸ்டாண்ட் குரலில் சொல்லிவிட்டேன். ஊரே பின்னால் நகர்ந்தது.

அங்கிருந்தே மேடத்துக்குப் போன் போட்டேன். கண்ணைக் கசக்க விடாதே, கொடுத்த சொட்டு மருந்தை விட்டு மூடி உடனே அழைத்து வா என்றார். சுகன்யாவின் தலையில் துண்டைப் போட்டு, என் பைக்கில் பின்னால் உட்கார வைத்தேன். அவள் முகத்தை என் முதுகில் அழுத்திக்கொண்டாள்.

"மாமா, எங்க போறோம், எவ்ளோ தூரம் இருக்கு?"

அவள் கேட்டதும் எனக்குப் பழைய தொழில் வந்துவிட்டது. "முந்திரித்தோப்பு தாண்டியாச்சி! மெயின் ரோடு ஏறியாச்சி! டீக்கடை வருது, எறங்கறவங்க எறங்கலாம்! நெய்வேலி, நெய்வேலி, நெய்வேலீ!" என்று வழி நெடுகக் கத்திக்கொண்டே ஓட்டினேன். பக்கத்தில் போன பஸ்காரன் பைத்தியம் என்று நினைத்திருப்பான். பின்னால் அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது எனக்குப் போதும்.

மேடம் விளக்கு வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கருவிழியில் வெள்ளைப் புள்ளி வந்தால் கிருமி இறங்கிவிட்டது என்று அர்த்தம். புள்ளி ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு நின்றால் அந்தக் கண்ணில் பார்வை பழையபடி வராது. கபடியும் போச்சு, வேலையும் போச்சு. "இப்ப ஒண்ணும் இல்லை. நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார். கழுவி, புதுக் கட்டு லென்ஸ் வைத்து, கிருமிக்கான சொட்டை மணிக்கொரு தரம் விடச் சொல்லி அட்மிட் செய்தார்.

கலியமூர்த்தி வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றான். "நான் ஒங்களத்தான் கேப்பேன்னு சொன்னேன்ல சார்."

"கேளு. ஒங்கக்காவையும் சேத்துக் கேளு."

"அவங்கள இன்னான்னு கேக்கறது? எம் பொண்ணு நோவறத பாக்க முடியாமத்தான செஞ்சாங்க." சொல்லிவிட்டு அவனே சுவரில் தலையை முட்டிக்கொண்டான். நான் அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் என் கையை வைத்தேன்.

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மேடம் வெளியே வந்தார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக அஞ்சலையிடம் போனார்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. கீறல் கூட இல்லாம எடுத்திருக்கீங்க. ஆனா எடுத்தது தூசி இல்லை. நாங்க வெச்ச மூடி. சொல்லாம விட்டோம்." பிறகு, "அந்தக் கண்ணை யாரும் தொடாம பாத்துக்க எனக்கு ஒரு ஆள் வேணும். நீங்கதான் உக்காரணும்."

அதற்குப் பிறகு சுகன்யாவின் கட்டிலைத் தாண்டி ஈ போக முடியவில்லை. பார்க்க வந்த கோச்சையே அஞ்சலை கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். "மூஞ்சில கைய வெக்காதீங்க. அது மேடம் வெச்ச மூடி." எங்கள் ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் ஆபரேஷன் முடிந்தவர்களுக்குச் சொல்கிற அறிவுரையில், 'கண்ணில் தெரிவது தூசி அல்ல, நாக்காலோ துணியாலோ எடுக்கக் கூடாது' என்று ஒரு வரி உண்டு. அது நான் சேர்க்கச் சொன்னது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில் இந்த வரி இருக்காது. அங்கே அஞ்சலை இல்லை.

மறுநாள் மேடம் விளக்கு வைத்துப் பார்த்தார். புள்ளி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தோல் ஓரத்திலிருந்து வளர்ந்து வந்து நடுவில் மூடியது. மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளி, "அடுத்த பேஷன்ட்டக் கூப்பிடு" என்றார். வராந்தாவில் கலியமூர்த்திக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியவில்லை. நான் அவனைக் கட்டிப்பிடித்தபோதுதான் தெரிந்தது.

பார்வை தெளிய ரொம்ப நாளானது. முதலில் புகை மூட்டம் மாதிரி. பிறகு வெளிச்சத்தைச் சுற்றி வளையம். கலியமூர்த்தி வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வான். "அண்ணே, பஸ் நம்பர் தெரியுதாம்ண்ணே, ஊர்ப்பேரு தெரியலியாம்ண்ணே." ஆஸ்பத்திரியில் அழுத அன்றையிலிருந்து சார் போய் அண்ணே வந்திருந்தது. "ஊர்ப்பேர நான் சொல்லிக்கறேன், நீ கவலப்படாத" என்பேன். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, வெயிலில் போகாமல் இருப்பது, எல்லாவற்றையும் அவள் விரதம் மாதிரி செய்தாள். மேடம் சம்மதம் சொன்ன பிறகுதான் மைதானத்தில் கால் வைத்தாள்.

தேர்வு அன்றைக்கு நான் லீவு போட்டேன். என் சர்வீஸில் நான் லீவு போட்டது மிகக் குறைவு. கலியமூர்த்தி ஷிப்ட் முடித்து அப்படியே ஓடி வந்தான். என் பைக்கில்தான் இரண்டு பேரும் போனோம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், என் பக்கத்தில் அவன், அடுத்து அஞ்சலை.

சுகன்யா ஆடினாள் பாருங்கள்! முன்பெல்லாம் தலையைச் சாய்த்துக் காதை நீட்டிக்கொண்டு போவாள். அன்றைக்கு நேராகப் போனாள். எதிராளி எடையை எந்தக் காலுக்கு மாற்றுகிறாள் என்பதைக் கண்ணால் பார்த்து, அதற்கு முன்னால் நகர்ந்தாள். போனஸ் கோட்டில் கால் வைப்பதைப் பார்த்தால், கோலத்தில் புள்ளி வைக்கிற மாதிரி இருந்தது. தேர்வு செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி ரெய்டில் மூன்று பேர் பாய்ந்தார்கள். ஒருத்தியின் முழங்கை நேராக இவள் இடது கண்ணில் விழுந்தது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. சுகன்யா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தாள்.

"ஐயோ எம் பொண்ணு கண்ணு!" கலியமூர்த்தி கயிற்றைத் தாண்டப் போனான். அஞ்சலை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பேசுகிற எனக்கு நாக்கு எழவில்லை. மேடம் கதவு வேண்டாம் என்று சொன்னது மட்டும் மனசில் ஓடியது. கதவு இல்லை, கதவு இல்லை, விலகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பிறகுதான் குரல் வந்தது. பண்ருட்டி பஸ்ஸைக் கூப்பிட்ட குரல்.

"சுகன்யா! கையெடு! கண்ணத் தொற!"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கையை எடுத்தாள். புருவம் வீங்கி இருந்தது. இடது கண்ணைத் திறந்தாள். வலது கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, எங்கள் ஆஸ்பத்திரியில் சோதித்துச் சோதித்து வந்த பழக்கம், இடது கண்ணால் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து எங்களைப் பார்த்தாள்.

"மாமா! எங்கப்பாவ உக்காரச் சொல்லு! சட்டையில பட்டன மாத்திப் போட்டுக்கினு வந்து மானத்த வாங்குது!"

மைதானமே சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாம், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது சட்டை. காலையிலிருந்து என் தோளை உரசிக்கொண்டு நின்றவன். மூக்கில் கண்ணாடி போட்டிருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. கலியமூர்த்தி பட்டனைச் சரிசெய்யப் பார்த்தான். மறுபடியும் தப்பாகவே போட்டான்.

அணியில் அவளுக்கு இடம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. அந்த வீட்டில் முதல் பர்மனென்ட் அவள்தான்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்ததை, முழங்கையை, ஊர் சிரித்ததை. மேடம் எதற்கும் முகம் மாறவில்லை. பட்டன் விஷயம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தப் பட்டன்?"

"மேல இருந்து ரெண்டாவது மேடம். அதுல இருந்துதான் மாறிக்கினு போச்சி."

"அடிபட்ட கண்ணாலயா பார்த்தா?"

"வலது கண்ணப் பொத்திக்கினு, இடது கண்ணால மட்டும்."

"எவ்வளவு தூரம்?"

"மைதானத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து."

கண்ணாடி இல்லாமல் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படிக்கிற முழுப் பார்வைக்கு நாங்கள் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு.

"சிக்ஸ் பை சிக்ஸ்" என்றார் மேடம். "அடுத்த பேஷன்ட்டக் கூப்பிடு."

கூப்பிட்டேன். அன்றைக்கு நான் கூப்பிட்டது டவுன்ஷிப் வாசலில் இருக்கிற ஆர்ச் கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.